தலைவருக்கு வேண்டிய மனப்பயிற்சி

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தலைமை தாங்குவோருக்கு மனோதத்துவப் பயிற்சி அவசியமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். கந்தோர் முகாமையாளருக்கும் சங்கத் தலைவருக்கும் கணக்கும் சட்டமும் தெரிந்தாற் போதாதா என்று கேட்பவர் உளர். அவர்களுக்கு விடையாக ஆகாய விமானிகளின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அங்கே தலைவரின் மனப்போக்குக்கு உயிர்களே விலையாயின.

1977 மார்ச் 27ஆந் திகதி, ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். புறப்பட விரைந்த டச்சு விமானத்தின் தலைவர் கற்றுக்குட்டியல்லர். தம் கம்பெனியின் விமானிகளுக்கே பயிற்சி அளித்தவர். மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று அவருடைய விமானப் பொறியியலாளர் வாய்விட்டே கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் உறுதியாகச் சொல்லவே, அவர் மேலும் வற்புறுத்தவில்லை. பனியும் வானொலிக் குழப்பமும் கூடவே சேர்ந்தன. பழி முழுவதையும் ஒருவர் தலையிற் சுமத்துதல் நியாயமாகாது. ஆயினும், ஐயுற்றவர் அருகில் இருந்தும் அவர் ஐயம் பயன்படாமற் போயிற்றே! பெரியவர் சொன்னபின் மறுபேச்சு ஏது என்ற வழக்கம் நமக்கும் புதிதன்று.

1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதனை ஆராயக் கருத்தரங்கு ஒன்று கூட்டியது. அதன்பின் யுனைற்றட் விமானக் கம்பெனி தன் விமானிகளுக்கு இதற்கெனவே பயிற்சி தொடங்கியது. மரியாதை பழக்கும் பள்ளிக்கூடம் என்று மூத்த விமானிகள் சிலர் நகைத்தனர். நகைத்ததிலும் ஓரளவு நியாயம் உண்டு. தொடக்கப் பாடங்களில் மனோதத்துவ விரிவுரையே மிகுந்திருந்தது. விரிவுரை கேட்டு மனம் மாறியவர் யார்? பின்னர், தரையில் அமைத்த பாவனை விமான அறையில் ஒரு முழுப் பயணத்தையும் நடத்தினர். இடையிற் கோளாறுகளை உண்டாக்கினர். முடிந்ததும், எவர் எவரிடம் யோசனை கேட்டார், எவர் பேச அஞ்சினார் என்று விமானிகளையே ஆராய வைத்தனர். தலைவர் கேட்கப் பழகினார். இளையவர் தயங்காது சொல்லப் பழகினார்.

1989 ஜூலை 19ஆந் திகதி அக்கம்பெனியின் விமானமொன்றில் வால் இயந்திரம் வெடித்து, திசைதிருப்பும் கருவிகள் யாவும் செயலிழந்தன. அத்தகைய நிலைக்கு எந்தக் கைந்நூலிலும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. தலைவர் ஆல் ஹெயின்ஸ் எல்லாரிடமும் யோசனை கேட்டார். பிரயாணியாக வந்திருந்த, பயிற்சி அளிக்கும் விமானி ஒருவரையும் உள்ளே வரவிட்டு, மீதி இரு இயந்திரங்களின் விசைப்பிடிகளை அவர் கையில் ஒப்படைத்தார். சூ நகரில் விமானம் தரையில் மோதி உடைந்தது. 112 பேர் இறந்தனர். ஆனால் 184 பேர் பிழைத்தனர். அப்பயிற்சியே தமக்கு உதவியதென ஹெயின்ஸ் பின்னாளிற் பல மேடைகளிற் சொன்னார்.

நம் நிருவாக சபைக்கு ஒரு வேண்டுகோள். எந்த விடயத்திலும் வயதில் இளையவர் முதலிற் பேசட்டும். தலைவர் தம் கருத்தை இறுதியிற் சொல்லட்டும். பெரியோர் முகஞ் சுளியாதிருப்பின், வருகிற கூட்டத்திலேயே தொடங்கலாம்.