குடியாத்தமும் ஒரு கட்சியின் உட்பூசலும்



கலவை என்னும் ஊர்ப்பெயர் இன்றைய பேச்சுக்குப் பொருந்தியே வருகிறது. எந்த அரசியல் கட்சியும் ஒரு கலவைதான். பண்ணையாரும் பண்ணையாளும், வழக்குரைஞரும் கைத்தறியாளரும், தோல் மண்டி உரிமையாளரும் அங்கே சுமை தூக்குவோரும் ஒரே கொடியின்கீழ் நிற்கின்றனர். கொடி ஒன்றாயினும் வயிறு ஒன்றன்று. அவர்களுள் மாற்றத்தை விரைந்து வேண்டுவோர் முற்போக்கு அணியினர் எனப்படுவர். இருப்பதைக் கட்டிக்காக்க முனைவோர் தலைமைப் பீடத்தார் எனப்படுவர். இவ்விரு சாராரின் பூசலைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தில்லியிற் கதையைத் தொடங்கித் தில்லியிலேயே முடிப்பவை. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து தொடங்கினால் அதே கதை வேறொரு முகம் காட்டும்.

1952-ஆம் ஆண்டு முதற் பொதுத்தேர்தலில், சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரசுக் கட்சி 152 இடங்களையே பெற்றது. தனித்து ஆட்சி அமைக்க வலுவில்லை. இந்தியாவின் தலைமை ஆளுநராக வீற்றிருந்து ஓய்வு பெற்றிருந்த இராசாசி அழைத்து வரப்பட்டார். அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். அவ்வழியே அவர் முதலமைச்சரானார். வட ஆர்க்காட்டில் வலுப்பெற்றிருந்த காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயகர் அவருக்கு ஆதரவளித்துப் பின்னர் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இவற்றிற் சட்டப்பிழை எதுவுமில்லை. எனினும், வாக்குக் கேட்டு ஒரு தெருவிலும் நடவாத ஒருவர், வாக்குக் கேட்டு நடந்து வென்றவர்களுக்குத் தலைவரானார் என்னும் உறுத்தல் கட்சிக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இராசாசியைப் பழமைவாதி என ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் அது வரலாறாகாது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தவர் அவர். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தபோது அச்செயலுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தவரும் அவரே. அக்காலத்துக் காங்கிரசில் அவர் நின்ற இடம் முன்வரிசை. மறுபுறம், காமராசர் நூல்வழியாகச் சமதர்மம் கற்றவர் அல்லர். விருதுநகரின் கடைத்தெருவிலிருந்து வந்து, சத்தியமூர்த்தியின் அரவணைப்பில் வளர்ந்து, 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியின் தலைவரானவர். 1946-இல் காந்தியடிகள், இராசாசிக்கு எதிராக ஒரு சிறு கும்பல் இயங்குகிறது என்னும் பொருள்பட எழுதியபோது, அச்சொல் தம்மையே சுட்டியது எனக் கருதிய காமராசர் ஆட்சிமன்றக் குழுவிலிருந்து விலகினார். ஆக, இருவருக்கும் இடையிலிருந்த பிளவு பழையது. கொள்கைப் பிளவு என்பதைவிட, கட்சி யாருடையது என்னும் வினா பற்றிய பிளவு அது எனலாம். அப்பிளவுக்குக் கொள்கை வடிவம் தந்தது 1953-ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்.

எதிர்த்தோர் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வித் திட்டம். அப்பெயரே நிலைத்தது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் நாள்தோறும் மூன்று மணி நேரமே பாடம்; எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டிலோ ஊரிலோ கைத்தொழில் பழக வேண்டும் என்றது திட்டம். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளிற் பலர் பள்ளிக்கே வராத நிலை, ஆசிரியர் பற்றாக்குறை, கருவூலத்தில் பணமில்லை. ஒரே ஆசிரியரைக் கொண்டு இரு வேளைகளில் இரு தொகுதிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் கூடுதற் பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவர் என்பது இராசாசியின் கணக்கு. கணக்கு என்ற அளவில் அது பிழையன்று. உழைப்பின் மாண்பைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்னும் காந்திய எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் நகரத்துப் பள்ளிகள் இத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தன. நகரத்து வழக்குரைஞரின் மகனுக்கு முழுநாட் பள்ளி. சிற்றூர்ச் சேரிப் பிள்ளைக்கு அரைநாட் பள்ளி. உழைப்பின் மாண்பு சிற்றூரார்க்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்னும் வினாவுக்கு அந்நாளில் எவரும் நிறைவான விடை தரவில்லை.

இந்த வினாவை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மக்கள் 'தோல் ஷாப்பு' என வழங்கும் பதனிடும் கூடங்களிற் பழைய முறையில் நடந்த வேலை எத்தகையது? வந்த தோலை நீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் இடுவார்கள். மயிர் இளகியதும் மரத்தின்மேல் விரித்து வழித்தெடுத்து, உட்புறத்துச் சவ்வைக் கத்தியாற் சீவுவார்கள். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் நாட்கணக்கிற் கிடந்து தோல் பதம் பெறும். சுண்ணாம்புக் குழியில் இறங்குவோரின் கைகால்கள் வெந்து வெடிக்கும். அக்குழியில் இறங்கியோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அவர்களுக்குப் பச்சைத்தோல் வந்து சேர்ந்ததோ செத்த மாட்டை உரிக்கும் கடமை சுமத்தப்பட்ட சிற்றூர்ச் சேரிகளிலிருந்து. 'தந்தையின் தொழில்' என்னும் தொடர் சென்னைக் கோட்டையில் ஒலிக்கும்போது ஓர் ஓவியம் போலிருக்கும்; நெசவுத் தறியும் குயவர் சக்கரமும் கண்முன் தோன்றும். பாலாற்றங்கரையில் அதே தொடருக்குச் சுண்ணாம்பின் நெடி உண்டு. குழியிலிருந்து தன் பிள்ளை ஏறிவருவதற்கு இருந்த ஒரே படி பள்ளிக்கூடம். அப்படியைப் பாதியாக அறுப்பதாகவே திட்டம் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். பிள்ளை வேறு தொழிலையும் பழகலாம் என்னும் விளக்கம் ஏட்டில் இருந்தது உண்மை. ஆனால் சேரிப் பிள்ளையைத் தன் பட்டறைக்குள் விடும் பிற தொழிலாளர் அந்நாளைய சிற்றூர்களில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

வெளியே திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் போராடின. அவ்வரலாறு பலமுறை எழுதப்பட்டதே. கட்சிக்குள் நடந்ததே ஈண்டுக் கருதத்தக்கது. காங்கிரசுச் சட்டமன்ற உறுப்பினர்களுள் வரதராசுலு நாயுடு எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றார். 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்பதை எதிர்த்து எழுந்தவரும் இவரே. ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியிற் பந்தியும் பள்ளியும் அவருக்கு ஒரே வினாவாகத் தெரிந்தன போலும். 1953 சூலை 29 அன்று, திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்குச் சட்டமன்றத்தில் ஆதரவாக 138, எதிராக 138 என வாக்குகள் சமமாகப் பிரிந்தன; தீர்மானம் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் ஒப்படைக்கக் கோரிய மற்றொரு தீர்மானம் 139-க்கு 137 என வென்றது. பருலேகர் தலைமையில் அமைந்த குழு திட்டத்துக்குச் சார்பாகவே அறிக்கை தந்தது. ஆனால் அதற்குள் காங்கிரசு உறுப்பினர்கள் தங்கள் தொகுதி மக்களின் முகங்களைப் பார்த்துவிட்டிருந்தனர். வல்லுநர் அறிக்கை அவர்களுக்குத் துணைசெய்யவில்லை.

1954 மார்ச்சுத் திங்களில் இராசாசி உடல்நலத்தைக் காரணமாகக் காட்டி விலகினார். மார்ச்சு 30 அன்று சட்டமன்றக் கட்சி கூடியது. இராசாசி அணியின் வேட்பாளர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராசர் 93 வாக்குகள் பெற்றார், சுப்பிரமணியம் 41. ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். எண்மர் கொண்ட அந்த அமைச்சரவையில் தோற்ற சுப்பிரமணியமும் இருந்தார். அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார். ஒடுக்கப்பட்ட வகுப்பினரான பரமேசுவரனிடம் அறநிலையத் துறை ஒப்படைக்கப்பட்டது. மே 18 அன்று கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் கல்வி அமைச்சராகிய சுப்பிரமணியமே!

உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளியும் வெளியே நலங்கிள்ளியும் நின்றபோது இடையே புகுந்து பேசக் கோவூர்கிழார் என்னும் புலவர் ஒருவர் இருந்தார். 1954-இல் அத்தகைய புலவர் எவரும் வரவில்லை. வென்றவரே கோவூர்கிழாராகவும் நடந்துகொள்ள வேண்டியிருந்தது. காமராசர் அவ்வாறு நடந்துகொண்டதற்குப் பெருந்தன்மை மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. 41 பேரைப் பகைத்துக்கொண்டு அவரால் ஆண்டிருக்க முடியாது. எனினும் வாக்கெடுப்பு முறையாக நடந்தது, தோற்றவர் கட்சியிலேயே இருந்தார், கொள்கை மாறியது ஆகிய மூன்றும் இரண்டு திங்களுக்குள் நிகழ்ந்தன.

நான்காவதாக ஒன்றும் நிகழ்ந்தது. அது நடந்த களம் குடியாத்தம். அப்போது காமராசர் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டமன்றத்துக்குள் வந்தாக வேண்டும். முன்னவர் சென்ற மேலவைக் கதவு திறந்தே இருந்தது. அதைத் தவிர்த்து, இடைத்தேர்தலில் நிற்பதென முடிவு செய்து அவர் குடியாத்தத்துக்கு வந்தார். அவர் பிறந்த மாவட்டமுமன்று அது. உறவுக்கூட்டம் நிறைந்த ஊருமன்று. கைத்தறியும் பீடியும் தீப்பெட்டியும் தோலும் பிழைப்பாகக் கொண்ட தொகுதி. பெரியார் வெளிப்படையாக ஆதரித்தார். அண்ணாவின் கழகம் வேட்பாளரை நிறுத்தவில்லை. பொதுவுடைமைக் கட்சி எதிர்த்து நின்றது; இடதுசாரிகள் எதிர்த்த நிலையில்தான் முற்போக்கு அணியின் தலைவர் வெற்றி பெற்றார் என்பது வரலாற்றின் குறும்பு. கட்சிக்குள் 93 பேர் தந்த தீர்ப்பைக் குடியாத்தத்து வாக்காளர் உறுதிசெய்தனர். உட்கட்சிப் பூசலொன்று பொதுமக்கள் முன் வைக்கப்பட்டு முடிவு காணப்பட்ட அரிய நிகழ்ச்சி அது.

அதன் பின்னர்ப் பள்ளிகள் பெருகின; 1956-இல் பகலுணவுத் திட்டம் வந்தது. இவற்றை மறுப்பாரில்லை. ஆனால் அமைச்சரவையில் சேதுபதி மன்னரும் இருந்தார். கட்சியின் ஊர்த்தலைவர்கள் நிலக்கிழார்களாகவே நீடித்தனர். நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல்தான் வந்தது; வந்தபோது 30 தரநிலை ஏக்கர் என்னும் வரம்பைச் சுற்றி விலக்குகள் மண்டிக்கிடந்தன. முற்போக்கு அணி பள்ளிக்கூடத்தின் வாசலைத் திறந்தது. வயலின் வரப்பருகே வந்து நின்றுவிட்டது. அவ்வணியே பீடமாக மாறத் தொடங்கிய இடம் அந்த வரப்பு எனக் கருத இடமுண்டு. இராசாசி அணியினர் சிலர் 1957-இல் காங்கிரசுச் சீர்திருத்தக் குழு எனப் பிரிந்தனர். 1959-இல் சுதந்திராக் கட்சி பிறந்தது. கட்சிக்குள் எதிர்த்துப் பேசியோர் வெளியேறியதும் உள்ளே பேச்சு குறைந்தது.

1963-இல் தம் பெயரால் வழங்கிய திட்டப்படி முதலமைச்சர் பதவியைத் துறந்து காமராசர் தில்லி சென்றார். கட்சியின் அகில இந்தியத் தலைவரானார். 1964-இலும் 1966-இலும் தலைமையமைச்சர் யார் என முடிவு செய்த சிலருள் அவரே முதல்வர். இதழாளர்கள் அந்தச் சிலருக்குச் 'சிண்டிகேட்' எனப் பெயரிட்டனர். 1946-இல் 'கும்பல்' என்னும் சொல்லால் புண்பட்டவர்க்கு இருபது ஆண்டு கழித்து வாய்த்த பட்டமும் அதே பொருளுடையது. 1969-இல் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். சந்திரசேகர் முதலான 'இளந்துருக்கியர்' அவர் பக்கம் நின்றனர். குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி நிறுத்திய சஞ்சீவ ரெட்டி தோற்று வி.வி. கிரி வென்றார். நவம்பர் 12 அன்று தலைமையமைச்சரே கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். காமராசர் நீக்கியவர்கள் பக்கம் இருந்தார். நீக்கப்பட்டவர் பக்கம், அதே நவம்பரில் இடைக்காலத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சி. சுப்பிரமணியம். 1954-இல் பழமையின் வேட்பாளர். 1969-இல் முற்போக்கின் தலைவர்.

மனிதர் இருவரும் அவரவர் இயல்பிலேயே இருந்தனர்; அவர்கள் அமர்ந்த இருக்கைகள் மட்டும் இடம்மாறின. 1954-இல் கேள்வி தெளிவாக இருந்தது: சிற்றூர்ப் பிள்ளைக்கு முழுநாட் பள்ளி உண்டா, இல்லையா? 1969-இல் வங்கி என்பதும் மன்னர் மானியம் என்பதும் மெய்யான கேள்விகளே. ஆயினும் அவற்றின் மீது முறையான உட்கட்சி வாக்கெடுப்பு நடத்தித் தோற்றவரை உள்ளேயே இருத்திக்கொள்ளும் பொறுமை இரு சாராரிடமும் இல்லை. பிளவுக்குப் பின்னர், வென்ற காங்கிரசில் மாநில முதலமைச்சர்கள் சட்டமன்றக் கட்சியின் வாக்குப் பெட்டியிலிருந்து வருவது குறைந்து, தில்லியின் விருப்பப்படி வருவது வழக்கமாயிற்று. முற்போக்கு அணி வென்றபின் தனக்குள் ஒரு முற்போக்கு அணி எழுவதற்கு இடம் வைக்கவில்லை.

1971 தேர்தலில் காமராசரும் இராசாசியும் ஒரே மேடையில் வாக்குக் கேட்டனர். இந்திரா காந்தியின் காங்கிரசு திராவிட முன்னேற்றக் கழகத்தோடு உடன்பாடு கண்டு, நாடாளுமன்றத்துக்குச் சில இடங்களைப் பெற்றுக்கொண்டது. அதற்கு ஈடாகத் தமிழகச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளுள் ஒன்றிலும் அது போட்டியிடவில்லை. பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலமைச்சர் தம் கட்சிப் பூசலின் தீர்ப்பைக் கேட்டு வந்து நின்ற குடியாத்தத்தில், 1971-ஆம் ஆண்டுச் சட்டமன்ற வாக்குச்சீட்டில் முற்போக்குக் காங்கிரசின் பெயர் இல்லை.