வாட்டர் என்னும் சொல்

வட மாநிலங்களில் வாழும் நம்மவர் ஒரே நாளில் தண்ணீரை மூன்று பெயரால் கேட்கின்றனர். வீட்டில் 'தண்ணீர்', கடைத்தெருவில் 'பானி', அலுவலகத்தில் 'வாட்டர்'. முதற்சொல் தண்மையைக் குறிப்பது. அதனாலேயே 'சுடுதண்ணீர்' என்று யாரேனும் கேட்டால் இலக்கணம் கற்றோர் புன்னகை புரிவர். 'பானி' என்பது 'பானீயம்' என்னும் வடசொல்லின் திரிபு. பருகத்தக்கது என்பது பொருள். 'வாட்டர்' எங்கிருந்து வந்தது? அதன் பழமைக்கு அரியதொரு சான்று துருக்கி நாட்டின் களிமண்ணுள் கிடந்தது.

துருக்கியின் போகாஸ்கோய் என்னும் ஊரில் 1906ஆம் ஆண்டு முதல் ஹ்யூகோ விங்க்ளர் என்னும் ஜெர்மானியர் அகழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் வெளிப்பட்டன. ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த ஹிட்டைட் பேரரசின் ஆவணங்கள் அவை. ஆப்பு வடிவ எழுத்தை அறிஞர் முன்னரே அறிந்திருந்தமையால் ஓசையைப் படிக்க முடிந்தது, பொருள்தான் விளங்கவில்லை. 1915இல் செக் அறிஞர் பெத்ரிக் ஹ்ரோஸ்னி ஒரு வரியைக் கூர்ந்து நோக்கினார். அதில் ரொட்டியைக் குறிக்கும் சுமேரியக் குறி இருந்தது. ரொட்டி வருமிடத்தில் உண்ணுதலும் வருமன்றோ? அடுத்து நின்ற சொல், உண்ணுதலைக் குறிக்கும் லத்தீன், ஜெர்மன் சொற்களை ஒத்திருந்தது. அதன்பின் நின்றது 'வாதர்'! இவ்வாறு தொடங்கி, வேற்றுமை உருபுகளையும் வினைவிகுதிகளையும் ஒப்பிட்டு, இம்மொழி ஆங்கிலமும் வடமொழியும் கிரேக்கமும் பாரசீகமும் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தது என்று அவர் நிலைநாட்டினார்.

ஓசை ஒத்தால் உறவென்று கொள்ளலாமா? கூடாது. ஆங்கிலச் சொற்களைத் தமிழினின்று பிறந்தனவாகக் காட்டும் ஆர்வம் நம்மிடையே மிகுதி. ஓசை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் எதனையும் நிறுவிவிடலாம். மெய்யான சான்று சொல்லின் உள்ளமைப்பில் உள்ளது. நம் 'மரம்' உருபேற்கையில் 'மரத்தை', 'மரத்தின்' என மாறுகின்றது. அதுபோலவே ஹிட்டைட் மொழியில் 'வாதர்' உருபேற்றால் 'விதேனஸ்' ஆகும். ரகரம் மறைந்து னகரம் தோன்றும். இப்போது ஐரோப்பாவை நோக்குவோம். ஆங்கிலத்தில் 'வாட்டர்', ஜெர்மனில் 'வாஸர்'. இரண்டும் ரகர ஈறு. சுவீடனில் 'வாட்டன்', ஐஸ்லாந்தில் 'வாட்ன்'. இவை னகர ஈறு. உடன்பிறந்த மொழிகளுள் இவ்வேறுபாடு ஏன்? தாய்மொழியில் ஒரே சொல் கொண்டிருந்த இரு வடிவங்களுள், சிலர் ஒன்றையும் ஏனையோர் மற்றதையும் காத்துக்கொண்டனர். இரண்டும் ஒருங்கே இருந்த பழைய நிலையைக் களிமண் பலகை காட்டிற்று. இத்தகைய பொருத்தம் தற்செயலாய் அமைவதன்று.

வடமொழியிலும் இவ்வுறவு உண்டு. ஆங்கில 'டூ' இந்தியில் 'தோ', 'டென்', 'தஸ்'. இம்முறைப்படி 'வாட்டர்' என்பதன் டகரத்துக்கு வடமொழியில் மெல்லோசைத் தகரம் வரும். 'வசனம்', 'உக்தி' இரண்டும் ஒரே வேரின என்பதால் வகரம் உகரமாய்க் குறுகுவதும் விளங்கும். ஆக, 'உதகம்' வாட்டரின் சுற்றம். நீர் ஒன்றுகூடியது 'சமுத்திரம்'. அம்பாசமுத்திரத்தாரும் இவ்வுறவுக்கு உரியர்! நீர்நாயை ஆங்கிலேயர் 'ஆட்டர்' என்பதும் இந்திக்காரர் 'ஊத்பிலாவ்' என்பதும் இவ்வேரினவே. ருஷ்யரின் 'வோத்கா' சிறுநீர்மை குறித்த செல்லப்பெயர். 'விஸ்கி'யோ 'உயிர்நீர்' என்னும் தொடரின் குறுக்கம். மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள்க.

நம் 'நீர்' இக்குடும்பத்தது அன்று. கன்னட 'நீரு'வோடு உறவுடையது. வடமொழி 'நீரம்' திராவிடத்தினின்று சென்றது என்பது பர்ரோ போன்ற அறிஞர் கருத்து.

இந்தோ-ஐரோப்பியத் தாய்மொழியில் நீருக்கு மற்றொரு சொல்லும் இருந்தது. 'வாட்டர்' இனத்துச் சொல் நீரை உயிரற்ற பொருளாய்க் குறித்தது. மற்றது உயிருள்ள, இயங்கும் ஆற்றலாய்க் கருதியது. இவ்வேறுபாட்டை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே. அவ்விரண்டாம் சொல்லே வடமொழியில் 'ஆபஸ்' எனப் பெண்பாற் பன்மையாய், வேதத்துத் தெய்வமாய் விளங்குகின்றது. பாரசீகத்தில் 'ஆப்' ஆயிற்று. ஐந்து 'ஆப்' கொண்டது பஞ்சாப். கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலம் தோஆப், அதாவது இரு நீர். ஆகவே தோஆபிலுள்ள கான்பூரில் இருந்துகொண்டு 'வாட்டர்' கேட்கும் தமிழருக்கு, அப்பழஞ்சொற்களுள் ஒன்று நாவிலும் மற்றொன்று நிற்கும் நிலத்தின் பெயரிலும் இருக்கின்றது.