தாமதித்த புகைவண்டியும் குருத்துவாராவின் அன்னசாலையும்

(நம் தோட்டத்து ஆலயத் திருவிழாவின் இரண்டாம் நாள் மாலை ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வட இந்திய யாத்திரையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். காசியையும் கயையையும் அரித்துவாரத்தையும் பற்றி இம்மேடையில் முன்னரே பலர் பேசியுள்ளனர். ஆதலின் அவற்றை விடுத்து, சீக்கியப் பெருமக்களின் வழிபாட்டிடங்களைப் பற்றியும், அங்குப் போய்ச் சேர்வதற்குள் புகைவண்டியில் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றியும் சிறிது சொல்லலாம் என எண்ணுகிறேன்.

சீக்கியர் நமக்குப் புதியவர் அல்லர். நம் பாட்டன்மார் அவர்களை 'வங்காளி' என்றே அழைத்தனர். பஞ்சாபில் பிறந்தவர்க்கு இப்பெயர் எவ்வாறு வாய்த்தது? அவர்கள் கப்பலேறி வந்த துறைமுகம் வங்காளத்தின் கல்கத்தா. அதனால் மலாய்க்காரர் 'பெங்காலி' என்றனர். நாமும் அதையே பற்றிக்கொண்டோம். 1873ஆம் ஆண்டில் கேப்டன் ஸ்பீடி பேராக்கின் லாருட் பகுதிக்கு அழைத்து வந்த வீரருள் சீக்கியரும் இருந்தனர். பின்னர் காவற்படையிலும் இரயில்வேயிலும் அவர்கள் பெருகினர். நாமோ நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினோம். 1929இல் ரசல் என்னும் துரை இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, இச்சரிவுகளில் கன்று நட்டதும் கொழுந்து எடுத்ததும் பெரும்பாலும் நம்மவர் கைகளே. ஒரே கடலை ஒரே அரசின் கீழ்க் கடந்து வந்த இரு கூட்டத்தாராயினும், ஒருவர் வழிபடும் இடத்துக்குள் மற்றவர் எட்டிப் பார்த்தது குறைவு.

2019ஆம் ஆண்டு ஜனவரியில் நாங்கள் பதினால்வர் புறப்பட்டோம். நம் மலைக்குப் புகைவண்டி கிடையாது. தாப்பா சாலை நிலையத்தைக் காணவே மலையிறங்கிப் போக வேண்டும். ஆகவே எங்களுள் பலர்க்கு அதுவே முதல் நெடும்பயணம். சென்னையிலிருந்து டில்லி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்; ஏறத்தாழ ஒன்றரை நாள் வண்டியிலேயே உண்டு உறங்க வேண்டும். முதல் நாள் இன்பமாகவே கழிந்தது. இரண்டாம் நாள் ஒரு நிலையத்தில் தண்ணீர் பிடிக்க இறங்கிய தம்பி ஒருவர் திரும்புமுன் வண்டி நகர்ந்துவிட்டது. அவர் கைக்கு எட்டிய கடைசிப் பெட்டியில் ஏறி, பெட்டி பெட்டியாகக் கடந்து அரைமணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். அதற்குள் அவருடைய துணைவியார் இங்குள்ள எல்லாத் தெய்வங்களுக்கும் நேர்ந்துகொண்டுவிட்டார். அந்நேர்த்திக்கடன்களுள் சில இன்னும் பாக்கி என்று கேள்வி.

ஆக்ராவைக் கடந்ததும் பனிமூட்டம் சூழ்ந்தது. நம் மலைப்பனியை அறிந்தவர்களே நாம். ஆயினும் அது வேறு, இது வேறு. இங்கே பனி பத்து மணிக்குள் விலகிவிடும். வடநாட்டுச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் அது நாட்கணக்கில் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். வண்டியோட்டுநருக்குக் கைகாட்டி விளக்குத் தெரியாது. ஆகவே ஊர்ந்துதான் செல்ல வேண்டும். ஒரு வண்டி நின்றால் பின்னால் வருபவை யாவும் நிற்கும். ஒன்பது மணி நேரத் தாமதத்தில் புது டில்லியை அடைந்தபோது இரவு மணி பதினொன்று. எங்கள் முகவர் இரு வண்டிகளுக்கும் இடையே மூன்று மணி நேரமே விட்டிருந்தார். அமிர்தசரசு வண்டி எப்போதோ போய்விட்டது.

இவ்விடத்தில் போகவிருப்போர்க்கு ஒரு சொல். டில்லியில் பெரிய நிலையம் ஒன்றன்று. புது டில்லி, பழைய டில்லி, நிசாமுதீன் எனப் பல உண்டு. இறங்கும் நிலையம் ஒன்று, ஏறும் நிலையம் வேறொன்றாக இருக்கலாம். சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பின் இருபது நிமிடத்தில் புறப்படும் வண்டிக்கு மறுநாள் தேதியே போட்டிருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று இதனால் ஒரு நாள் பிந்தி நிலையத்துக்குச் சென்று, வண்டியில்லாமல் நின்றது. குளிர்காலத்தில் இரு வண்டிகளுக்கு நடுவே ஒரு முழுநாள் விடுவதே நலம். மேலும், நாம் குளிர்மலை மக்கள்தாமே என்று எண்ணி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். தானா ராத்தாவின் குளிர் டில்லியின் தை மாதக் குளிருக்கு முன் ஒன்றுமேயில்லை.

எங்களோடு எழுபத்து நான்கு வயது அம்மையார் ஒருவர் வந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்குமேல் நம் மலையில் கொழுந்து எடுத்தவர். அவர் நிலைய மேடையில் நடுங்கிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த விடுதிகள் கேட்ட வாடகையோ எங்கள் கைக்கு மிஞ்சியது. எங்கள் பெட்டிகளைத் தூக்கிய சுமையாள்தான், "பங்களா சாகிபுக்குப் போங்கள், சோறும் உண்டு, கூரையும் உண்டு" என்று கைகாட்டினார்.

பங்களா சாகிப் குருத்துவாரா அந்நிலையத்துக்கு வெகுதொலைவில் இல்லை. முன்னர் அது இராசா செய்சிங்கின் மாளிகை. சீக்கியரின் எட்டாம் குருவாகிய குரு ஹர்கிருஷண் 1664ஆம் ஆண்டில் அங்குத் தங்கினார். அப்போது அவர் சிறுவர். எட்டு வயதும் நிறையவில்லை. நகரில் அம்மை நோய் பரவியிருந்தது. நோயுற்றோர்க்கு அவர் அம்மாளிகைக் கிணற்று நீரைத் தந்து பணிபுரிந்தார் என்பர். அந்நோயே அவரையும் அவ்வாண்டிலேயே கொண்டுபோயிற்று. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி மாரியம்மனை வேண்டிய மரபில் வந்த நமக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றவில்லை.

காலணிகளை ஒப்படைத்து, கால் கழுவி, தலையை மூடி உள்ளே சென்றோம். ஆணும் தலையை மூட வேண்டும். துணி இல்லாதவர்க்கு வாயிலிலேயே தருகிறார்கள். வணங்கிய பின் அன்னசாலைக்கு அனுப்பினர். அதனை 'லங்கர்' என்பர். முதற்குருவாகிய நானக் காலத்திலிருந்தே வரும் வழக்கம். நீண்ட பாய் விரிப்பில் எல்லாரும் வரிசையாகத் தரையில் அமர்கின்றனர். ரொட்டியை இரு கைகளையும் ஏந்திப் பெற வேண்டும்.

அங்கே அம்மையார் மட்டும் உட்காராமல் சுவரோரம் நின்றார். "நான் எங்கே உட்காரலாம் என்று கேளப்பா" என்றார். தமிழ் அறியாத தொண்டர், தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர்க்கும் எங்கள் குழுவின் ஆசிரியர்க்கும் நடுவே இருந்த இடத்தைக் காட்டினார். அவர் மீண்டும் கேட்டார்; தொண்டர் மீண்டும் அதே இடத்தைக் காட்டினார். அமர்ந்தார். உண்டு முடித்த பின்தான் சொன்னார்: தாம் சிறுமியாக இருந்த காலத்தில், தோட்டத்துத் திருவிழாப் பந்தியில் தம் வீட்டார்க்கு இடம் பந்தலுக்கு வெளியே என்று. யார்மீதும் குறையாக அவர் அதைச் சொல்லவில்லை. நாங்கள் எவரும் மறுமொழி கூறவில்லை.

அறைகள் நிரம்பியிருந்தன. யாத்திரிகர் படுத்திருந்த தாழ்வாரத்தில் கம்பளி தந்தார்கள். விடியலில் பார்த்தால் அம்மையார் படுக்கையில் இல்லை. அடுக்களையில் பஞ்சாபிப் பெண்களோடு அமர்ந்து மாவு உருட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேறு வண்டியில் அமிர்தசரசு சென்றோம். நான்காம் குரு இராமதாசர் 1577இல் தோற்றுவித்த நகரம் அது. ஐந்தாம் குரு அர்ஜுனர் எழுப்பிய ஹர்மந்திர் சாகிபுக்கு நான்கு திசையிலும் வாயில் உண்டு. நம் கோயில்களுக்குப் படியேறிப் போகிறோம்; அங்கே படியிறங்கிப் போக வேண்டும். 1604இல் அங்கு எழுந்தருளச் செய்யப்பெற்ற ஆதி கிரந்தத்தில் குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், இரவிதாசர், சூபி ஞானி பரீத் ஆகியோர் பாடல்களும் உள்ளன. நெசவாளியும் தையற்காரரும் தோல் தொழிலாளியும் பாடியவை ஒரே நூலாகி வணங்கப்படுகின்றன. ஒவ்வோர் இரவும் அந்நூலைப் பல்லக்கில் ஏற்றி அகால் தக்துக்கு எடுத்துச் சென்று துயிலச் செய்கிறார்கள்; வைகறையில் மீண்டும் கொண்டுவருகிறார்கள். நம் பள்ளியறைப் பூசையைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அங்கு ஒரு பெரியவர் சொன்ன செய்தி ஒன்று. 1922 அக்டோபர் 30ஆம் நாள், குருகாபாக் அறப்போரில் சிறைப்பட்ட சீக்கியரை ஏற்றிய புகைவண்டி, இன்று பாகிஸ்தானில் உள்ள ஹசன் அப்தால் நிலையத்தைக் கடக்கவிருந்தது. பசித்திருப்போர்க்கு உணவளிக்கப் பஞ்சா சாகிப் குருத்துவாராவினர் காத்திருந்தனர். வண்டி அங்கே நிற்காது என்று அதிகாரிகள் கூறவே, அவர்கள் தண்டவாளத்தில் அமர்ந்தனர். கரம் சிங், பர்தாப் சிங் ஆகிய இருவர் சக்கரத்தில் அகப்பட்டு உயிர்நீத்தனர். வண்டி நின்றது, உணவும் வழங்கப்பட்டது. ஒன்பது மணி நேரத் தாமதத்தைக் குறித்து அதுவரை குறைப்பட்டுக்கொண்டே வந்த எங்கள் குழுவினர் அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை.

அங்கே தேநீரும் கிண்ணத்தில் தருகிறார்கள். அம்மையார் ஒரு வாய் பருகிவிட்டு, "பால் நல்ல பால், தூளில்தான் கொழுந்து குறைவு, காம்பு அதிகம்" என்றார். தொழில் அறிந்தவர் நாக்கு பொய் சொல்லாது.

நாளை நம் ஆலயத்தில் அன்னதானம். சிறப்பு விருந்தினர்க்குத் தனிப் பந்தலும் நாற்காலியும் போட்டு, மற்றவர்களை வரிசையில் நிறுத்தும் வழக்கம் நம் ஆலயங்கள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. முழங்கால் வலியுள்ளவர்க்கு நாற்காலி தருவதை யாரும் மறுக்கவில்லை. பதவிக்கு நாற்காலி எதற்கு? இவ்வாண்டு ஒரே பந்தல், ஒரே பந்தி என்று குழுவிடம் வேண்டினேன். இருவர் தயங்கினர், ஒப்புதல் கிடைத்தது. ஈப்போ குருத்துவாராவிலிருந்து சில நண்பர்களும் வருகிறார்கள். அவர்களும் அதே பந்தியில்தான்.

காலை ஐந்து மணிக்கு அடுப்புப் பற்றவைக்கப்படும். காய் நறுக்க இன்னும் பத்துப் பேர் தேவை, கத்தி கொண்டுவரவும். அம்மையார் நான்கு மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.