துலாவும் இயந்திரமும்



உலகை மாற்றிய நீராவி இயந்திரம் எதற்காகப் பிறந்தது? சுரங்கத்து நீரை இறைப்பதற்காக! இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1712இல் நியூகொமன் அதனை இயக்கினார். ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்றுத் திருத்திய பின்னர், அதுவே ஆலைகளையும் இரயில்களையும் ஓட்டியது. 1905இல் காங்கேசன்துறைப் பாதையில் கொழும்பு இரயிலை இழுத்ததும் அந்த ஆவியே.

ஆறில்லாக் குடாநாட்டில் கிணறே தோட்டத்தின் தாய். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் பாத்திகளுக்கு நீரைத் திருப்பினார். உடல் களைத்தபோது இறைப்பும் நின்றது. 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெய் இயந்திரம் பரவியது. கமக்காரரின் முதுகு நிமிர்ந்தது. வெங்காயமும் மிளகாயும் பெருகின. 1990களில் எரிபொருள் தடைப்பட்டபோது அதன் அருமையை முற்றும் உணர்ந்தோம்.

ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. நம் சுண்ணக்கல் நிலத்தினடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. மாரிமழை தந்ததற்கு மிகுதியாய் இறைத்தால் உவர் மேலெழும். உப்பேறிய கிணற்றை மீட்பது எளிதன்று.

நிலவுரிமைக்குக் குரல் கொடுக்கும் நாம் நிலத்தடி நீரை இழந்தால், மீட்ட நிலத்தில் எதனை விளைவிப்போம்? குளங்களையும் கேணிகளையும் தூர்வாருவோம். பயிர் கேட்கும் அளவே இறைப்போம். கற்றறிந்தோர் ஊர்தோறும் கிணற்று நீரைச் சோதித்துக் கமக்காரருக்கு அறிவிப்பாராக. துலா மீண்டும் வேண்டியதில்லை; அது காத்த அளவு நமக்கு வேண்டும்.