‘ஹோம்’ என்பதற்குத் தமிழ் என்ன?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சிறு சொல்தான்: ‘ஹோம்’.

நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய காலத்தில் ‘கோ டு ஸ்கூல்’ என்பதைப் பார்த்து ‘கோ டு ஹோம்’ என்று எழுதிவிட்டேன். ஆசிரியர் ‘டு’வைச் சிவப்பு மையால் வெட்டினார். “பள்ளிக்கூடத்துக்கு ‘டு’ வேணும், ஹோமுக்கு வேண்டாம்” என்றார். காரணம் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் எங்கள் பேச்சிலேயே அதற்கு ஒப்பான வழக்கு இருப்பதைக் கவனித்தேன். நாங்கள் ‘கடைக்குப் போறன்’, ‘ஆசுபத்திரிக்குப் போறன்’ என்போம். ஆனால் ‘வீட்டை போறன்’ என்போம். அங்கே ‘கு’ உருபு இல்லை. மற்ற இடங்களுக்குப் போவது ஒன்று, வீட்டுக்குப் போவது வேறொன்று என்று இரண்டு மொழிகளும் தனித்தனியே நினைத்திருக்கின்றன.

இச்சொல்லுக்குத் தமிழ் தேடினால் குறைவில்லை. வீடு, இல், இல்லம், மனை, அகம், உறையுள் என்று வரிசையாக வரும். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். நாவலர் உரையோடு பதிப்பித்த சூடாமணி நிகண்டில் இடப்பெயருக்கென்றே ஒரு தொகுதி உண்டு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறுவதற்கு வேறொரு தொகுதி உண்டு. அகராதி வேலையும் எங்களுக்குப் புதிதல்ல. மானிப்பாயில் 1842இல் அச்சான அகராதி ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. 1862இல் சென்னையில் வெளியான வின்சுலோவின் பேரகராதிக்கும் தொடக்கவேலை யாழ்ப்பாணத்திலேயே நடந்தது.

சொற்கள் பல இருந்தபோதிலும் மொழிபெயர்ப்பாளன் திண்டாடுகிறான். முதியோருக்கான ‘ஹோம்’ எங்களிடம் இல்லம் ஆயிற்று. பள்ளிப் பாடமாகிய ‘ஹோம் சயன்ஸ்’ மனையியல் ஆயிற்று. பிள்ளை வீட்டில் செய்யும் ‘ஹோம் வேர்க்’ வீட்டுப்பாடம். அமைச்சின் பெயரில் வந்தால் உள்நாட்டலுவல்கள். நாடு என்ற பொருளில் வந்தால் தாயகம். ‘ஹோம் கார்ட்’ என்பதை இலங்கையில் ஊர்காவற் படை என்றார்கள். யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் வீட்டை விட்டு ஊரைப் பிடித்திருக்கிறார். அவர் எங்கள் வாழ்க்கையை அறிந்தவர் என்றே எனக்குப் படுகிறது.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. “நீங்கள் எவடம்?” என்றே கேட்கிறோம். அவர் ஊரைச் சொல்கிறார். நாற்சார் வீடும் அதைச் சுற்றிய வளவும் வேலியும் படலையும் அவருடைய சொத்து. ஆனால் படலைக்கு வெளியே போகும் ஒழுங்கையும், கோயில் வீதியும், சந்தையும், கடற்கரையும் சேர்ந்தால்தான் ஆங்கிலேயன் ‘ஹோம்’ என்று நெகிழ்ந்து சொல்லும் பொருள் எங்களுக்கு நிறைவுபெறுகிறது. ரொறன்ரோவில் வீடு வாங்கிக் குடியிருப்பவர் விமானச் சீட்டு எடுத்ததும் “ஊருக்குப் போறம்” என்கிறார். அங்கே இருப்பது ‘ஹவுஸ்’. இங்கே இருப்பது ‘ஹோம்’.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று, நேயர்களே. இந்த ஒரு சொல்லை எப்படிப் பெயர்க்கிறோம் என்பதில் பல்லாயிரம் பேருடைய வழக்கு அடங்கியிருக்கிறது.

1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்துத் தமிழர்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அதற்கும் முன்னரே, 1990 யூன் மாதத்தில், மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் எழும்பிவிட்டார்கள். மல்லாகம் கோணப்புலம் போன்ற நலன்புரி நிலையங்களில் அவர்களிற் பலருக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள்.

இவர்கள் ‘ஹோம்’ திரும்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதப்படும் அறிக்கை தமிழுக்கு வரும்போது ‘வீடு திரும்பல்’ ஆகிவிடுகிறது. வீடுதானே கேட்கிறார்கள் என்றால் வேறொரு காணியில் வீட்டுத்திட்டம் ஒன்றைக் கொடுத்து அலுவலை முடித்துக்கொள்ளலாம். கல்லும் சீமெந்தும் ஓடும் கணக்கில் வரும். ஊர் எந்தப் படிவத்திலும் வராது. புத்தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வீடும் கட்டிக்கொண்ட ஒருவர் தம் ஊர் சோனகதெரு என்று சொல்லலாம். அங்கே பிறந்த அவருடைய மகன் புத்தளம் என்று சொல்லலாம். இருவரும் உண்மையே சொல்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு ‘ஹோம்’ இருக்கும் நிலையை எந்த நிகண்டு தொகுத்திருக்கிறது?

மறுபுறத்தையும் பாருங்கள். 2017இல் மயிலிட்டித் துறைமுகமும் அயலும் விடுவிக்கப்பட்டபோது இருபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. வீடுகள் பல தரைமட்டமாயிருந்தன. கிணற்றையும் மரத்தையும் அடையாளம் வைத்துத் தம் வளவைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. நிற்க நிழல் இல்லாத அந்த இடத்தில் நின்றுகொண்டு “ஊருக்கு வந்திட்டம்” என்று சொல்ல ஒருவருக்கு முடியும். அங்கே வீடு இல்லை. ஆனால் அவர் ‘ஹோம்’ வந்துவிட்டார். இந்த இரண்டு சொல்லும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் பகுதி நீண்டு அமைந்த பெயர். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். வேலையை விட்டு இளைப்பாறும் இடம் என்று விளக்குவோர் உளர். பற்றை விட்ட நிலையாகிய முத்திக்கும் அதுவே பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்காவதாக வைத்தார்கள். எங்கள் மக்கள் அந்தச் சொல்லின் வேரைத் துன்பத்தால் அறிந்தார்கள். வீட்டை விட்டார்கள், ஆனால் பற்றை விடவில்லை. பின்னர் காணி ‘விடுவிப்பு’ என்று பத்திரிகையில் வந்த சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதுவும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான்.

ஆகவே மொழிபெயர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘ஹோம்’ என்ற சொல் உங்கள் மேசைக்கு வந்தால் அகராதியைத் திறப்பதற்கு முன் அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று கேளுங்கள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை சொன்னால் ‘வீடு’ என்று எழுதுங்கள். முகாமில் வாழ்ந்த முதியவர் சொன்னால் தயங்காமல் ‘ஊர்’ என்று எழுதுங்கள்.