கீபோர்டில் ஒலிக்கும் பறை



போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பழைய கீர்த்தனை ஒன்றைக் கிராமியத் தாளத்தில் பாடினார்கள். பிள்ளைகள் ஆடினார்கள், நானும் கைதட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், பறைச் சத்தம் கீபோர்டிலிருந்து வந்தது. பறையடிக்கிற என் சித்தப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பாரம்பரியப் பாடல் என்கிறோமே, யாருடைய பாரம்பரியம்? வேளாளர் குடும்பத்தில் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் எழுதினார். அழகான பாடல்கள், எனக்கும் மனப்பாடம். ஆனால் ஞானஸ்நானம் வாங்கிய என் தாத்தாவிடம், பறை சாவுக்கு அடிக்கிறது, வெளியே வை என்றார்கள். ராகமும் இந்துக் கோயிலில் பாடியதுதானே? அதை யாரும் வெளியே வைக்கச் சொல்லவில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, அதாவது நம் 'பறட்டை', வழிபாடு முழுவதையுமே நாட்டுப்புற இசையில் அமைத்தார். எழுத்து தெரியாதவரும் பாடலாம், தங்கள் பாட்டுக்கு மாற்றியும் பாடலாம். மெட்டு மட்டும் அவருக்குப் பிரச்சினை இல்லை. பாட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. என் ஆய்வில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடமும் அதுதான்.

இந்த வருஷம் சித்தப்பா பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அடிக்கட்டும் என்று ஆயரிடம் கேட்டேன். "கமிட்டியில பேசிச் சொல்றேன் தம்பி" என்றார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. சித்தப்பா பறைக்குப் புதுத்தோல் கட்டிவிட்டார்.