வெறும் வலையையும் எழுதி வைக்கணும்: காயலுக்குள்ள இருக்கிற உயிர்களை எப்படி எண்ணுறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்து, வாசிப்புக்காகச் சுருக்கியிருக்கிறோம்.)

மதுரை வில்லாபுரத்துல இருந்து பேசுறேன். கடலே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு இன்னைக்கு கடலோரத் தண்ணியைப் பத்திப் பேசப் போறேன். மதுரைக்காரங்களுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்டா, அதுக்குப் பதில் கடைசிப் பகுதியில இருக்கு.

முதல்ல ஒரு கேள்வி. காட்டுல எத்தனை புலி இருக்குன்னு தெரியணும்னா கேமரா வைக்கலாம். புலியோட வரி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற, அதனால அடையாளம் தெரிஞ்சிடும். மரம் எத்தனைன்னு தெரியணுமா, அது நின்ன இடத்துலயே நிக்குது, நடந்து போய் எண்ணிடலாம். ஆனா கலங்கலா, இடுப்பளவு தண்ணி. உள்ளே மீன், இறால், நண்டு, மட்டி, புழு. எதுவும் கண்ணுக்குத் தெரியாது, எதுவும் ஒரு இடத்துல நிக்காது. இதை எப்படி எண்ணுவீங்க?

காயல், களப்பு, ஏரி

கடலுக்குப் பக்கத்துலயே, ஒரு மணல் திட்டு மட்டும் தடுப்பா நிக்கிற ஆழமில்லாத நீர்நிலையைத்தான் காயல்னு சொல்றோம். இலங்கைத் தமிழ்ல களப்பு. மட்டக்களப்புங்கிற ஊர்ப் பேர்லயே அது இருக்கு. திருவள்ளூர் மாவட்டத்துல பழவேற்காட்டுக்காரங்க அதை ஏரின்னே சொல்றாங்க. பேர் எதுவா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான். ஒரு பக்கம் ஆத்துல இருந்து நல்ல தண்ணி வரும். இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியா கடல் தண்ணி வரும். ரெண்டும் கலந்த உவர்நீர்.

அந்தக் கலவை ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்துல ஆறு ஜெயிக்கும், தண்ணி கிட்டத்தட்ட நல்ல தண்ணி ஆயிடும். கோடையில கடல் ஜெயிக்கும். வெயில் அதிகமா காய்ஞ்சு ஆத்துத் தண்ணியும் வரலைன்னா, சில இடத்துல கடலை விடவே உப்பு ஏறிடும். உப்பு மாறினா உள்ளே இருக்கிற ஆளும் மாறும். அப்போ "இந்தக் காயல்ல என்னென்ன உயிரினம் இருக்கு?"ன்னு கேட்டா, அடுத்த கேள்வி உடனே வந்துடும்: எந்த மாசம்? எந்த இடத்துல? தண்ணியில உப்பு எவ்வளவு?

1914: சிலிகாவுக்குப் போன ரெண்டு பேர்

இந்தக் கேள்விகளை இந்தியாவுல பெரிய அளவுல எடுத்துக்கிட்டவங்க நெல்சன் அனன்டேல், ஸ்டான்லி கெம்ப். ரெண்டு பேரும் கொல்கத்தா இந்தியன் மியூசியத்துல வேலை பார்த்தவங்க. கெம்ப் இறால், நண்டு வகைகள்ல நிபுணர். ஒடிசாவுல இருக்கிற சிலிகா ஏரி, இந்தியாவோட மிகப் பெரிய காயல். 1914ல இவங்க அங்கே கணக்கெடுப்பைத் தொடங்கினாங்க.

ஒரே ஒரு தடவை போய் வலை வீசிட்டு இவங்க திரும்பலை. வேற வேற பருவத்துல போனாங்க. உயிரினத்தோட சேர்த்து தண்ணியோட உப்புத்தன்மையையும் பார்த்தாங்க. பிடிச்சதை எல்லாம் ஒரே ஆள் அடையாளம் காண முடியாதுங்கிறதால, ஒவ்வொரு பிரிவையும் அதுல தெரிஞ்சவங்க கையில கொடுத்தாங்க. மீன்களைப் பத்தி எழுதினவர் பி. எல். சௌதுரி. 1915ல இருந்து அந்த முடிவுகள் மியூசியத்தோட ஆய்வுத் தொகுதியில பகுதி பகுதியா வெளிவந்துச்சு. 1916ல இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் தொடங்கினப்ப, அனன்டேல்தான் அதோட முதல் இயக்குநர்.

சரி, நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதின பட்டியல். அதை வச்சு இன்னைக்கு என்ன செய்யறது?

1990கள்ல சிலிகா மோசமான நிலைக்குப் போச்சு. ஆறு கொண்டு வந்த வண்டல் படிஞ்சு, முகத்துவாரம் அடைபட்டு, கடல் தண்ணி உள்ளே வர்றது குறைஞ்சது. உப்பு இறங்கினதும் நல்ல தண்ணிக் களைச்செடிகள் பரவுச்சு. மீன்பிடி விழுந்தது. 1993ல ராம்சார் ஒப்பந்தத்தோட ஆபத்துப் பட்டியல்ல சிலிகா சேர்ந்தது. 2000 செப்டம்பர்ல புதுசா ஒரு முகத்துவாரம் வெட்டினாங்க. வருஷத்துக்கு 2,000 டன்னுக்கும் கீழே போயிருந்த மீன்பிடி, 2001–02ல கிட்டத்தட்ட 12,000 டன் ஆச்சு. 2002ல அந்த ஆபத்துப் பட்டியல்ல இருந்து சிலிகாவை எடுத்துட்டாங்க.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. "மீண்டு வந்துடுச்சு"ன்னு சொல்லணும்னா, எதுக்கு மீண்டு வந்துச்சுன்னு தெரியணும். டன் கணக்கு எடை மட்டும்தான் சொல்லும். எந்த மீன் திரும்பி வந்துச்சு, எது வரலைன்னு அது சொல்லாது. அதைச் சொல்ல 1914 பட்டியல் வேணும். 1985–87ல விலங்கியல் ஆய்வு நிறுவனம் மறுபடி போய் 800க்கும் மேற்பட்ட விலங்கினங்களைப் பதிவு பண்ணுச்சே, அந்தப் பட்டியலும் வேணும். பழைய பட்டியல்தான் அடிக்கோடு. அடிக்கோடு இல்லாம உயரத்தை அளக்க முடியாது.

பழவேற்காட்டுக்கு வருவோம்

நம்ம மாநிலத்துப் பெரிய காயல் பழவேற்காடு. இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். பெரும்பகுதி ஆந்திராவுல, கொஞ்சம் தமிழ்நாட்டுல. கடலுக்கும் இதுக்கும் நடுவுலதான் ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டா. ஆரணி ஆறு, காளங்கி, சுவர்ணமுகி இதுல வந்து சேருது. பக்கிங்காம் கால்வாயும் இது வழியாத்தான் போகுது. சென்னை கிறித்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் பல பத்தாண்டு இந்த ஏரியை ஆராய்ஞ்சவர். இங்கே இருக்கிற, கண்ணுக்குத் தெரியிற அளவு விலங்குகளைப் பத்தி அவர் எழுதின தொகுப்பை 2006ல தேசியப் பல்லுயிர் ஆணையம் வெளியிட்டுச்சு.

இப்போ வேலை எப்படி நடக்குதுன்னு பார்ப்போம்.

முதல்ல இடம். முகத்துவாரத்துக்குப் பக்கத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, ஆறு வந்து சேர்ற பக்கம் ஒண்ணுன்னு நிலையான இடங்களை முடிவு பண்ணுவாங்க. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்குத்தான் போகணும். போனதும் உப்பு, வெப்பம், ஆழம், கலங்கல் எல்லாம் குறிப்பாங்க. கலங்கலை அளக்க ஒரு எளிய வழி இருக்கு. கறுப்பு வெள்ளை அடிச்ச தட்டைக் கயித்துல கட்டி இறக்கணும். எந்த ஆழத்துல கண்ணுக்கு மறையுதோ, அதுதான் அளவு.

அடுத்தது வலை. ஒரு வலை எல்லாத்தையும் பிடிக்காது. கண்ணி பெருசா இருந்தா குஞ்சு தப்பிக்கும், சின்னதா இருந்தா வேகமான பெரிய மீன் விலகிடும். அதனால வீச்சு வலை, செவுள் வலைன்னு மாத்தி மாத்திப் போடுவாங்க, கண்ணி அளவையும் எழுதுவாங்க. அடிச்சேத்துல இருக்கிற புழு, மட்டி எல்லாம் வலையில வராது. அதுக்குச் சேத்தை அள்ளி, அரை மில்லிமீட்டர் சல்லடையில சலிக்கணும். தண்ணியில மிதக்கிற நுண்ணுயிர்களுக்கு மெல்லிய துணி வலை தனி.

ஓங்கில் மாதிரி பெரிய விலங்குன்னா வேற முறை. சிலிகாவுல ஐராவதி ஓங்கில்கள் இருக்கு, சுமார் 150. அதை எண்ணப் பல படகுகள் ஒரே நேரத்துல கிளம்பும், ஆளுக்கு ஒரு வழி. இல்லைன்னா ஒரே ஓங்கிலை நாலு பேர் எண்ணிடுவாங்க.

அடுத்தது உழைப்பு. ஒரு உதாரணக் கணக்கு சொல்றேன். போன வருஷம் 10 தடவை வலை வீசி 30 மடவை கிடைச்சது. இந்த வருஷம் 60 கிடைச்சது. ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு கொண்டாடலாமா? இந்த வருஷம் 40 தடவை வீசினாங்களே! அப்போ ஒரு வீச்சுக்கு 3ல இருந்து 1.5 ஆயிடுச்சு. பாதியாக் குறைஞ்சிருக்கு. எத்தனை வீச்சு, எத்தனை மணி நேரம்னு எழுதலைன்னா, குறைஞ்சது கூடினது மாதிரியே தெரியும்.

கடைசியா, மக்கள் ரொம்ப சுலபமா விட்டுடுற ஒண்ணு: வெறும் வலை. மீன் வந்தா போட்டோ எடுப்போம், பேர் எழுதுவோம். ஒண்ணும் வரலைன்னா "சும்மா வந்துட்டோம்"னு கிளம்பிடுவோம். ஆனா இந்த இடத்துல, இந்த நாள்ல, இத்தனை தடவை வீசியும் எதுவும் வரலைங்கிறதும் ஒரு தகவல். பூஜ்யத்தை எழுதாத நோட்டுப் புத்தகத்துல எல்லா நாளும் நல்ல நாளாவே இருக்கும்.

மீனவர் சொன்னதுதான் முதல் தகவல்

ஆய்வாளர் மாசத்துக்கு ஒரு தடவை போவார். மீனவர் தினமும் போறார். பழவேற்காட்டுல பாடுன்னு ஒரு முறை உண்டு. யார், என்னைக்கு, எந்த இடத்துல வலை கட்டலாம்னு ஊர்க்குள்ள முறை வச்சுப் பிரிச்சுக்கிறது. இருளர் பெண்கள் வலையே இல்லாம, தண்ணிக்குள்ள உக்காந்து கையால சேத்தைத் தடவி இறால் பிடிப்பாங்க. பிடிச்சதைப் போட, பறியை வாயில கவ்விக்கிட்டு இருப்பாங்க. அடிச்சேறு எப்படி இருக்குன்னு அவங்க கைக்குத் தெரியிற அளவு வேற யாருக்குத் தெரியும்?

இந்த அறிவு எவ்வளவு முக்கியம்னு காக்கா ஆழி காட்டுச்சு. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்த ஒரு சின்ன கறுப்புச் சிப்பி. கேரளாவுல அஷ்டமுடிக் காயல்ல ஏற்கெனவே பரவியிருந்தது. அப்புறம் எண்ணூர், கொசஸ்தலை ஆத்துக் கழிமுகத்துல மண்டிப்போச்சு. காக்கா ஆழின்னு பேர் வச்சவங்களும், இது நம்ம ஆளு இல்லையேன்னு முதல்ல கத்தினவங்களும் எண்ணூர் மீனவங்கதான். இது அடிச்சேத்து மேல பாய் விரிச்ச மாதிரி படர்ந்துடும். இறால் சேத்துக்குள்ள புதைய முடியாது. ஏற்கெனவே அங்கே இருந்த மஞ்சள் மட்டியை மூடிடும். எண்ணூரும் பழவேற்காடும் தண்ணி வழியா தொடர்புள்ள இடங்கள்ங்கிறதால, பயம் ஏரி வரைக்கும் போகுது.

ஒரு உயிரினம் புதுசுன்னு எப்படிச் சொல்றது? பழசு என்னன்னு தெரிஞ்சாத்தான். மீனவர் மனசுல அந்தப் பட்டியல் இருந்துச்சு. ஆனா கோர்ட்டுலயும் அலுவலகத்துலயும் மனசைக் காட்ட முடியாது, காகிதம் வேணும். ஆய்வாளரோட காகிதத்துலயும் ஒரு குறை உண்டு. மடவைன்னு மீனவர் சொல்றதுல பல இனம் அடங்கும். அதே மாதிரி, ஒரே மீனுக்கு ஊருக்கு ஊர் வேற பேர் இருக்கும். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து, "அண்ணே, இதுக்கு இங்கே என்ன பேரு, எப்ப வரும்?"னு கேட்டு எழுதினாத்தான் பட்டியல் முழுசாகும்.

ஒரே ஒரு பருவத்துப் பட்டியல்

இதுல பணமும் வாழ்க்கையும் சம்பந்தப்பட்டிருக்கு. கடலோரத்துல துறைமுகமோ தொழிற்சாலையோ வர்றதுன்னா, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேணும். அதுல அந்த இடத்துல என்ன உயிரினம் இருக்குன்னு ஒரு பட்டியல் வரும். நம்ம நாட்டு நடைமுறையில, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துத் தரவு இருந்தாலே பல திட்டங்களுக்குப் போதும்.

இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கே இப்போ இதுல என்ன சிக்கல்னு தெரியும். இறால் கடல்ல முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியா காயலுக்குள்ள வந்து வளரும், அப்புறம் கடலுக்குத் திரும்பும். அது உள்ளே இல்லாத மாசத்துல போய் வலை வீசினா என்ன கிடைக்கும்? முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிற சமயத்துல அளந்தா? "இங்கே பெருசா ஒண்ணும் இல்லை"ன்னு எழுதலாம். அந்த நாளைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. ஆனா அந்த ஒரு வரியை நம்பி எடுக்கிற முடிவோட விலையை வருஷம் பூரா அங்கே தொழில் பண்றவங்கதான் கொடுக்கணும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பத்தி பழவேற்காட்டு மீனவங்க இத்தனை வருஷமாக் கேள்வி கேக்கிறாங்கன்னா, அவங்க பயம் இந்த முகத்துவாரத்தைச் சுத்தித்தான்.

அதனால இனிமே ஒரு அறிக்கையைப் பார்த்தா நாலு கேள்வி கேளுங்க. எந்த மாசம் எடுத்தாங்க? எத்தனை இடத்துல? என்ன வலை, எத்தனை தடவை? அங்கே தொழில் செய்றவங்க கிட்ட பேசினாங்களா?

மதுரைக்கு இதுல என்ன?

தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம். பேர்ல குளம் இருக்கு. பஸ் நிக்குது, வீடு இருக்கு, கடை இருக்கு, குளத்தைக் காணோம். அந்தக் குளங்கள்ல என்ன மீன் இருந்துச்சு? குரவையா, விராலா, கெளுத்தியா? எந்த மாசம் அதிகமா வந்துச்சு? எதை இழந்தோம்னு சொல்லக்கூட நம்ம கையில ஒரு பட்டியல் இருக்கா?

நேர் எதிரா அரிட்டாபட்டியைப் பாருங்க. அங்கே இருந்த பறவைகள், மலை, நீர்நிலைகளை எல்லாம் ஆட்கள் வருஷக்கணக்காப் பதிவு பண்ணியிருந்தாங்க. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினை வந்தப்ப, மக்கள் தெருவுல இறங்கினதுதான் பெரிய பலம், சந்தேகமே இல்லை. ஆனா "இங்கே என்ன இருக்கு?"ன்னு கேட்டவங்களுக்குக் காட்ட, எழுதி வச்ச பதிலும் இருந்துச்சு. 2025 ஜனவரியில அந்த ஏலம் ரத்தாச்சு.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், அவங்க மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயார் பண்ணணும். உங்க மாநகராட்சியிலயோ பஞ்சாயத்துலயோ அதைக் கேட்டுப் பாருங்க. நீங்களாவும் தொடங்கலாம். பக்கத்துல இருக்கிற ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுங்க. மாசம் ஒரு தடவை, அதே இடம், அதே நேரம், அதே அளவு நேரம். கரையில நின்னு பார்த்ததை, அங்கே மீன் பிடிக்கிறவர் சொன்னதை, தேதியோட எழுதுங்க. வலை போடுற வேலை வேண்டாம், அதுக்கு அனுமதி, பயிற்சி எல்லாம் வேணும். ஒண்ணுமே தெரியாத மாசத்துலயும் "ஒண்ணும் தெரியலை"ன்னு எழுதுங்க.

ஒரு வருஷம் ஆனதும் அந்த நோட்டைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. அப்படி வர்றதை வச்சே ஒரு எபிசோடு போடுவோம். அடுத்த வாரம் பார்க்கலாம்.